எந்த இடத்துல பயந்த?

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். அதுவும் தாராவியில், முனிசிபல் பள்ளியில், தமிழ் வழியில். கைப்பைக்கு லைனிங் தைக்கிற கை இது. நாலு பேர் படிக்கும்படி ஒருவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அக்காவைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது. அவள் தோலில் செய்த பூக்களைப் பார்த்தவர்கள் இந்த மும்பையில் நிறைய பேர் இருப்பார்கள். அவற்றைப் பார்த்து முதலில் பயந்தவள் நான் ஒருத்திதான். அவளைக் கேட்காமல் எழுதுகிறேன், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். லிப்டில் தனியாக ஏற மாட்டேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். மாஹிம் ஸ்டேஷனில் கூட்டமாக ஒரு லோக்கல் வந்தால் விட்டுவிடுவேன். அடுத்ததும் கூட்டமாக வந்தால் வீட்டுக்கே திரும்பிவிடுவேன். "ஒனக்கு நெழல் எதுக்குட்டி? அதையும் கழத்தி வச்சிரு, அதப் பாத்தும் பயப்படுவ" என்பார் என் வீட்டுக்காரர். நாங்கள் வேலை செய்த தோல் பட்டறையில் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காமல் இருக்கவும் பயம்.

அங்கே என்னோடு வேலை செய்த அக்கா மட்டும் சிரித்ததில்லை. அவளுக்கு என் பயம் தேவைப்பட்டது.

ஏனென்றால் அவளுக்குப் பயமே கிடையாது. தைரியசாலி என்று சொல்ல வரவில்லை. தைரியம் உள்ளவர்களுக்கு உள்ளே பயம் இருக்கும், அதை அடக்கி வைத்திருப்பார்கள். இவளுக்கு அந்தச் சாமானே உள்ளே இல்லை. சிலருக்கு மணம் தெரியாது, சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் என்பார்களே, அந்த மாதிரி. எங்களுக்கு அடுத்த சந்தில் ஒரு முறை தீப்பிடித்தது. ஆண்கள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அக்கா எதிர்த்திசையில், தீப்பிடித்த சந்துக்கு முதுகை ஒட்டியிருந்த தன் வீட்டுக்கு, ஆலயத்துக்குப் போகிறவள்போல நடந்து போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு மண்சட்டி. ஒரு பக்கத்துப் புருவம் கருகிப் போயிருந்தது. சட்டியில் ஒரு சேனைக்கிழங்கு.

"இதுக்காவாக்கா போனீங்க?" என்றேன்.

"மொட்டு விட்டிருக்குட்டி."

"பயமா இல்லையா?"

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "அது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சாப்பிடாத ஒரு பலகாரத்தைப் பற்றிக் கேட்பதுபோல நிஜமாகவே கேட்டாள். அந்தக் கேள்விதான் எனக்குத் தீயைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது.

தீ எங்கள் சந்துக்குள் பரவுவதற்குள் அணைத்துவிட்டார்கள். சேனை பூத்தது.

சேனையை நாம் எல்லாரும் வறுவலாகப் பார்த்திருக்கிறோம். பூவாகப் பார்த்தவர் குறைவு. இலை வருவதற்கு முன்னால், வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு அந்தப் பூ வரும். கறுஞ்சிவப்பாக, ஓரமெல்லாம் சுருங்கிச் சுருங்கி, கறிக்கடைக் கொக்கியிலிருந்து எடுத்து வந்து வைத்ததுபோல இருக்கும். நடுவில் மூளை மாதிரி ஒரு குமிழ். அது விரிந்த நாளில் சந்து முழுவதும் செத்த பெருச்சாளியைத் தேடியது. தோல் நாற்றம், பசை நாற்றம், சாக்கடை நாற்றம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த மூக்குகள் எங்களுடையவை. இது எதிலும் சேரவில்லை. கடைசியில் அக்காவின் மாடி அறை ஏணியில் ஏறிப் பார்த்தால், அவள் பூவுக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு அதன் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

எதிர்வீட்டில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் இருந்தார். எந்தக் கிழமையில் நகம் வெட்டக்கூடாது, எந்தத் திசையில் தலை வைக்கக்கூடாது என்று சந்துக்கே அவர்தான் சொல்வார். மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்று, "சேன பூத்த வீட்டுல சாவு விழும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. வெட்டி எறிங்க அந்தச் சவத்த" என்றார்.

"விழுந்தா விழட்டும் பெரியம்மா. இங்க நான் ஒருத்திதான இருக்கேன்? பாய விரிச்சே வைக்கேன்" என்றாள் அக்கா மேலிருந்து.

சாவு எதுவும் விழவில்லை. அதற்குப் பிறகு பெரியம்மா என்ன சொன்னாலும் அக்கா சேனைப்பூவைச் சொல்லிச் சிரிப்பாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் துணியால் மூடிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வெட்டி மிஞ்சிய துண்டுத் தோலை எங்கள் பட்டறையில் கத்தரன் என்போம். மூட்டை மூட்டையாகக் கிடக்கும், எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். துணியை அவள் எடுத்ததும் என் டிபன் பாக்ஸ் பட்டறை முதலாளி சேட்டின் நல்ல தோல்மேல் கவிழ்ந்தது. கத்தரனை நனைத்து, மடித்து, சாயம் ஏற்றி, அந்தச் சேனைப்பூவை ஒரு குழந்தையின் தலை அளவுக்குத் தைத்து வைத்திருந்தாள். நாற்றம் இல்லை. ஆனால் அது வரப்போவதுபோல இருந்தது. நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. பயந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மற்றவர்கள் கூடிவந்து, "அடேயப்பா, என்ன அழகு" என்றார்கள். அவள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எந்த இடத்துல பயந்த?"

"இந்த நடுவுல இருக்கே, குமிழு, அதுலக்கா."

"பூவுல இல்லட்டி. ஒன் ஒடம்புல. எந்த இடத்துல?"

அப்படி ஒருவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்துப் பார்த்து, "வயித்துல" என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சேட் என்னைத் திட்டிய திட்டையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. அவள் எதைச் செய்தாலும் முதலில் நான் ஏணியில் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும். தண்டவாள ஓரத்தில் ஆடுதின்னாப்பாளை என்று ஒரு கொடி உண்டு. அதன் பூ குழாய்போல இருக்கும், ஈயை உள்ளே விடும், உடனே வெளியே விடாது. அதை ஆள் உயரத்துக்குச் செய்து, அதன் வாய் சரியாக என் முகத்துக்கு நேரே வரும்படி நிறுத்தி வைத்திருந்தாள். உள்ளே இருட்டு. "எட்டிப் பாரு" என்பாள். நான் எட்டிப் பார்ப்பேன், அவள் பூவைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். கையில் மயிர் எழுந்தால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். தொண்டை என்றால் நெருங்கிவிட்டாள். வயிறு என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டீ போடுவாள். ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டால் முகம் சுளிக்காமல் பிளேடை எடுத்து எல்லாத் தையலையும் அறுத்துவிடுவாள்.

"பயம் ஒன் வேல, பூவு என் வேல" என்பாள். இன்னொன்றும் சொல்வாள். "ஒரு நாளு நீ வாய்விட்டுக் கத்துவட்டி. அன்னைக்கு நான் ஊசிய மூட்ட கட்டிருவேன். அதுக்கு மேல செய்யதுக்கு என்ன இருக்கு?"

என் பயத்தால் அவளைத் தடுக்கவும் முடியும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டேன். அம்பர்நாத் தாண்டி மலைப்பக்கம் போய் அவள் பூனைக்காலிக் காய்களைப் பறித்து வந்திருந்தாள். தங்க நிறத்தில் பட்டுபோல மயிர் மூடிய காய். பூனைக்குட்டியைத் தடவுவதுபோல அதைத் தடவியிருக்கிறாள். இரண்டு கையும் வீங்கிச் சிவந்து, கொதிநீர் பட்டதுபோலக் கிடந்தது. சொறியாமல், அதையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மயிரை வழித்து ஒரு தோல் பூவின்மேல் ஒட்டப் போவதாகச் சொன்னாள்.

"பாக்கவங்க தொடாம இருக்க மாட்டாங்கக்கா. பிள்ளைங்க தொடும்."

"தொடட்டும். அப்பதான தெரியும், அழகுன்னா என்னன்னு."

"எனக்கு வயித்துல பண்ணுது."

"பூவப் பாத்தா?"

"இல்ல. ஒங்களப் பாத்து."

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு காய்களை அள்ளி, சாக்குக்குள் சாக்காக வைத்துக் கட்டினாள். "ஒன் வயிறு வேண்டாம்னா வேண்டாம்" என்றாள். என் வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்டு ஒருவர் ஒரு காரியத்தை நிறுத்தியது அதுதான்.

தென் மும்பையில், கோட்டைப் பக்கம், படங்களும் சிற்பங்களும் வைக்கிற ஒரு கூடம் இருக்கிறது. அதை நடத்துகிற அம்மா, பைகளுக்கு ஆர்டர் கொடுக்கப் பட்டறைக்கு வந்தவர், அலமாரிமேல் இருந்த சேனைப்பூவைப் பார்த்தார். யார் செய்தது என்று இந்தியில் கேட்டு, ஏணியேறி அக்காவின் அறையையும் பார்த்துவிட்டார். விசித்திரமான செடிகொடிகளை வைத்து வேலை செய்கிறவர்களையெல்லாம் சேர்த்து ஈஸ்டருக்குப் பிறகு ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாராம். ஒருவர் செடிகளில் ஒயர் மாட்டிச் சத்தம் வரவழைக்கிறாராம். ஒருத்தி காளானை வளர்த்து நாற்காலி செய்கிறாளாம்.

"காளான்ல நாற்காலியா? உக்காந்தா கீழயிருந்து மொளைக்காதா?" என்று அக்கா தமிழில் என்னிடம் கேட்டாள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்து, "ப்யூட்டிஃபுல்" என்றார். ஆனால் இவை சின்னச் சின்னதாக இருக்கின்றன, கூடத்துக்குள் நுழைகிறவர் கால் அங்கேயே நின்றுவிடுகிற மாதிரி பெரிதாக ஒன்று வேண்டும், அப்படி ஒன்று செய்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அடுத்த முறை என்பதை அவள் நம்பவில்லை. தன்னைத் தெரியாத ஒரு ஆளின் முன்னால், தான் செய்ததை ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பெரிது பெரிதாகச் செய்தாள். நான் ஏறிப்போய்ப் பார்த்தேன். கைக்கு மேல் பயம் ஏறவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்று இருக்கும். அவளிடம் பொய் சொல்லவும் எனக்குப் பயம். அவள் அறுத்தாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்துவிட்டன.

ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் பஸ்ஸில் கழிமுகப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வற்றியிருந்தது. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அலையாத்தி மரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சேற்றுக்குள் காற்று கிடையாதாம். அதனால் அதன் வேர் மூச்சு விடுவதற்காக மேலே வருமாம். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. ஒரு கூட்டத்தையே உயிரோடு புதைத்து, அவர்கள் விரலை மட்டும் வெளியே நீட்டுவதாகத் தெரிந்தது. அக்கா வெளியே பார்க்கவில்லை. என் கை தொண்டைக்குப் போனதைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி," என்றாள் மெல்ல. "இத இத்தன வருசமா தாண்டித் தாண்டிப் போயிருக்கோமே."

மரப்பட்டையில் பதம் செய்த தோலுக்கு ஒரு குணம் உண்டு. நனைத்துவிட்டு எதன்மேல் இழுத்துக் கட்டினாலும், காய்ந்ததும் அதே உருவத்தில் நின்றுவிடும். வேரை வெட்டி வரக்கூடாது, அது சட்டம். வெட்டினாலும் சுருங்கிவிடும். "அதுங்கிட்ட நாமதான் போவணும்" என்றாள். நனைத்த ஆட்டுத்தோலை விரல் விரலாக வெட்டிக்கொண்டு போய், உயிருள்ள வேர்களிலேயே சுற்றி நூலால் கட்டி, வெயிலில் காயவைத்து உருவிக்கொண்டு வருவது என்று முடிவு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்விட்டு, ஒன்பது மணி ஆராதனைக்கு வந்துவிடலாம் என்றாள்.

கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெரியம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு அமாவாச. தண்ணிப் பக்கம் போவாதியட்டி" என்றார்.

"சேன பூத்தப்ப சொன்னியளே, அது மாதிரியா பெரியம்மா?" என்று சிரித்தாள் அக்கா. நாங்கள் ஆலயத்துக்குப் போகிறவர்கள், அமாவாசை பார்க்கிற வழக்கம் இல்லை. எனக்கு மட்டும் மனசுக்குள் என்னவோ செய்தது. ஆனால் எனக்கு எதற்குத்தான் செய்யாது?

"கடலு ஏறுமேக்கா" என்று வழியில் கேட்டேன்.

"நான் கடக்கர ஊர்க்காரிட்டி. எனக்கா கடலச் சொல்லுத? காலைல எங்க கெடக்கோ சாயந்தரமும் அங்கனதான் கெடக்கும். ஏறுனா பாவாடக் கர நனையும், அவ்வளவுதான்."

அது எங்கள் ஊர்க் கடல். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடல் அப்படித்தான் இருக்கும். மும்பையில் இத்தனை காலம் இருந்தும் இந்தக் கடல் எங்களுக்குத் தெரியாது. ஹை டைட் என்று டிவியில் சொல்வது மழைக்காலத்தில்தான். அது மழையின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பங்குனி வெயிலில், ஒரு மேகமும் இல்லாத காலையில், கடல் ஒரு மாடி உயரத்துக்கு ஏறும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. அமாவாசை அன்று இன்னும் அதிகமாக ஏறும் என்று பெரியம்மாவுக்கே தெரியாது. அவர் பேய்க்குத்தான் பயந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் என்றுமில்லாத அளவுக்கு வற்றியிருந்தது. "பாத்தியா, நமக்காவே எறங்கிக் கெடக்கு" என்றாள். செருப்பைக் கழற்றி ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, வாய்க்கால்போல இருந்த ஒரு காய்ந்த பள்ளத்தைத் தாண்டி உள்ளே போனாள். நான் ஆலயத்துக்குக் கட்டிய சேலையோடும் வேதாகமப் பையோடும் கரையில் நின்றேன். அவள் முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு ஒவ்வொரு வேருக்கும் தோல் சுற்றினாள். நூலைப் பல்லால் கடித்தாள். ஆசுபத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுகிறவள்போலப் பொறுமையாகச் செய்தாள். வெயில் ஏறியது. கறுப்புச் சேற்றில் பழுப்பு விரல்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. எனக்கு வயிற்றில் வந்துவிட்டது. கையைத் தூக்கி வயிற்றைத் தொட்டுக் காண்பித்தேன். அவள் அங்கிருந்து கும்பிடு போட்டாள்.

காயக் காத்திருந்தோம். முதலில் உருவியவற்றைத் தோளில் மாட்டிய பையில் போட்டுக்கொண்டாள்.

நான் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்றால், ஒரு பாட்டில். பள்ளத்தில் நாங்கள் வந்ததிலிருந்து அசையாமல் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில், மெதுவாக எழுந்து, ஊர்ப் பக்கமாக நகர ஆரம்பித்தது. கடலுக்குப் போக வேண்டியது உள்ளே வருகிறது. அதன் பின்னால் ஒரு தெர்மகோல் துண்டு. அதன் பின்னால் ஒரு மாலை. சத்தமே இல்லை. அப்புறம் அக்காவின் செருப்பு இரண்டும் கல்லைவிட்டு எழுந்து, ஜோடியாக, யாரோ போட்டுக்கொண்டு நடப்பதுபோல என் முன்னால் உள்ளே போயின. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த பள்ளம் ஆறாகிவிட்டது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன். அது என் காதுக்கே கேட்கவில்லை. தண்ணீர் அவள் சேலை முனையைத் தூக்கியது.

அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, சொல் இல்லை. பாலத்தின்மேல் போனவர்கள் நின்று பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

அக்கா திரும்பினாள். அவள் முகம் மலர்ந்து போயிருந்தது. "ஏட்டி! கத்திட்டியா!" என்று அங்கிருந்து கூவினாள். இரண்டு கையையும் தூக்கினாள். "கத்திட்டியாட்டி!" அவள் அந்தத் தோல் விரல்களைப் பார்த்து நான் கத்தியதாக நினைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. நான் கையை நீட்டி அவள் காலடியைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். காலை உருவப் பார்த்தாள். வரவில்லை. இன்னொரு காலை உருவப் பார்த்தாள், தொடைவரை இறங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிற ஒருவர், தார்ப்பாய் சுற்றிய தெர்மகோல் பலகைமேல் உட்கார்ந்து, அலையாத்தி மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். என் சத்தத்துக்குத்தான் வந்தார். "ஹிலோ மத்! லேட் ஜாவ்!" என்று அவளை அதட்டினார், அசையாமல் அப்படியே படுத்துக்கொள்ளச் சொல்லி. "தைலா சோடோ!" என்று பையை விடச் சொன்னார். தீயில் போய்ச் சேனைச்சட்டியை எடுத்து வந்தவள், ஒரே சொல்லுக்குப் பையைக் கைவிட்டாள். அது தண்ணீரில் போயிற்று. பலகைமேல் குப்புறப் படுத்து, அதன் ஓரத்தை அவள் பிடித்திருந்த பிடியில் தெர்மகோல் பிய்ந்து வந்தது. அவர் அவள் கால்களை ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து அசைத்து அசைத்து உருவி, பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுவந்து கரையில் விட்டார். தண்ணீர் அதற்குள் வேர்களையெல்லாம் மூடிவிட்டது. விரல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

அக்கா பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் சேலையைப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி, மொழங்காலுக்குப் பின்னால என்னமோ செய்யுது. கழுத்துல யாரோ கைய வச்ச மாதிரி இருக்கு. வயிறு..."

"அதுதான்க்கா."

"எது?"

"அதுதான். பயம்."

அவள் ஒரு கையைத் தன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். "இத வச்சுக்கிட்டா நீ இத்தன வருசமா ரோட்ட கிராஸ் பண்ணுத?" என்றாள்.

ஆராதனைக்குப் போகவில்லை. ஆனால் எனக்கு ஒரே நினைப்பு, தண்ணீருக்கு அடியில் அந்த விரல்கள் நிற்கின்றன, ஈஸ்டர் நெருங்கிவிட்டது, அவள் இனி அங்கே போக மாட்டாள் என்று. அந்தப் பிளாஸ்டிக்காரரிடம் என்னுடைய அரைகுறை இந்தியில் நானே கேட்டேன். தெரியாத ஆணிடம் நான் போய்ப் பேசியது அன்றைக்குத்தான். சாயங்காலம் தண்ணீர் இறங்கியதும் அவர் உருவி எடுத்து, பாலத்து முனையில் ஒரு சாக்கில் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வரவில்லை. நான்தான் போய் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உப்புத்தண்ணீரிலும் சேற்றிலும் ஊறி அவை கறுத்து, நுனியெல்லாம் சுருங்கி, நகம் முளைத்ததுபோல ஆகியிருந்தன.

பிறகு சில வாரம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. பட்டறைக்கு வந்தாள், பை ஒட்டினாள். மெஷின் ஊசி உடைந்த சத்தத்துக்குத் துள்ளி எழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, "வந்து பாத்துட்டுப் போ" என்றாள். ஏணியில் ஏறினேன். அறையின் தரை முழுவதும் கறுப்புப் பலகைகள், அவற்றில் அந்த விரல்கள், சுவர்வரை. கால் வைக்க இடமில்லை. பாயும் தலையணையும் எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டில் கிடந்தன. இதனோடு ஒரே அறையில் படுக்க முடியவில்லை என்றாளாம்.

நான் நின்று பார்த்தேன். கையைப் பார்த்தேன், மயிர் எழவில்லை. தொண்டை சரியாக இருந்தது. வயிறும் சும்மா இருந்தது. மடியில் வைத்துச் சுமந்து வந்தவை. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தவைபோல இருந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா" என்றேன். எங்கே பிளேடை எடுப்பாளோ என்று இருந்தது.

அவள் அறைக்குள்ளேயே வரவில்லை. ஏணியின் கடைசிப் படியில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை தொண்டையில் இருந்தது.

"பரவால்லட்டி," என்றாள். "எனக்குத் தெரியுது."

தொண்டையிலிருந்து கையை எடுக்காமலே, "இனிமே நீ இதுக்குன்னு வர வேண்டாம்" என்றாள். கோபமில்லை, அன்பாகத்தான் சொன்னாள். "சும்மா டீ குடிக்க வா."

சரி என்றேன். இறங்கும்போது அவள் எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினாள். நான் மேலே காத்திருந்தேன்.

மறுநாள் காலை கண்காட்சிக் கூடத்திலிருந்து டெம்போ வந்தது. சந்துக்குள் நுழையாது என்பதால் பலகைகளைத் தலையில் வைத்துக் கொண்டுபோய் ஏற்றினார்கள். அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டெம்போ போனது. நான் ஒன்பது மணி ஆராதனைக்குப் போனேன்.